ஒலிம்பிக் பதக்கம் இல்லாத ராணி ராம்பாலை ஏன் இவ்வளவு பெரிய ஆள் என்கிறோம்?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். இந்திய மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் ராணி ராம்பாலிடம் ஒலிம்பிக் பதக்கம் இல்லை, சீனியர் உலகக் கோப்பைப் பதக்கமும் இல்லை. அப்படியிருக்க, அவர் ஓய்வு பெற்ற அன்று 28ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று, நாட்டின் ஹாக்கியை நிர்வகிக்கும் ஹாக்கி இந்தியா ஏன் முடிவெடுத்தது? அப்புறம், அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எதைப் பார்க்கலாம்? இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுருக்கமாகக் கேட்டால், 2019 நவம்பர் 2ஆம் தேதி புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் 48ஆவது நிமிடத்தில் அவர் அடித்த ஒரு கோலைச் சொல்வேன். இந்திய மகளிர் ஹாக்கியில் அதைவிட முக்கியமான கோல் வேறு இல்லை என்பது என் கருத்து. அந்தக் கோல் இல்லாவிட்டால் டோக்கியோ ஒலிம்பிக் இல்லை. டோக்கியோ இல்லாவிட்டால், இன்றைக்கு வந்தனா, சவிதா, குர்ஜித் என்ற பெயர்களைச் சொன்னால் பாதிப் பேருக்கு யார் என்றே தெரிந்திருக்காது. ஆனால் அந்த நிமிடத்தில் அந்த இடத்தில் அவர் நின்றதற்குப் பின்னால் பதினொரு வருட சர்வதேச ஆட்டம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்தக் கோலின் எடை புரியாது.

ஊரிலிருந்து தொடங்குகிறேன். ஹரியானாவில் குருக்ஷேத்திரா மாவட்டத்தில், டெல்லியிலிருந்து அம்பாலா போகும் பெரிய சாலையில் ஷாஹாபாத் மார்க்கண்டா என்று ஒரு சின்ன ஊர். இந்திய மகளிர் ஹாக்கிக்கு அந்த ஊர் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. டோக்கியோவுக்குப் போன அணியில் ராணி, நவ்ஜோத் கவுர், நவ்நீத் கவுர் என்று மூன்று பேர் அங்கிருந்து வந்தவர்கள். காரணம் பல்தேவ் சிங் என்ற பயிற்சியாளர். 2009இல் துரோணாச்சார்யா விருது பெற்றவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். அதிகாலையில் மைதானத்தில் இருக்க வேண்டும், தாமதமாக வந்தால் தண்டனை உண்டு.

ராணி பிறந்தது 1994 டிசம்பர் 4. அப்பா வண்டி இழுக்கும் தொழிலாளி, அம்மா வீட்டு வேலை செய்தவர். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி 80 ரூபாய் என்று ராணியே சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஹாக்கி அகாடமியை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண். பயிற்சியாளரிடம் போய்க் கேட்டபோது, உடம்பில் சத்தில்லை, பயிற்சியைத் தாங்க மாட்டாய் என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். உடைந்த ஒரு மட்டையை எங்கோ எடுத்து, சல்வார் கமீஸோடு ஓடி ஓடித் தானாகவே பழகியிருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டுக் கடைசியில் சம்மதம் வாங்கினார். வீட்டில் அடுத்த தடை. குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதா என்ற கேள்வி. ஒரு வாய்ப்பு கொடுங்கள், முடியாமல் போனால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்று கெஞ்சி அதையும் தாண்டினார்.

இதில் என்னை மிகவும் தொட்டது பால் விஷயம். அகாடமியில் ஒவ்வொரு பிள்ளையும் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும் என்பது விதி. ராணியின் வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடிந்தது. மீதிக்கு யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிக் கலந்து குடித்திருக்கிறார். பின்னாளில் அவரே சொன்னது இது. வீட்டில் கடிகாரம் இல்லாததால், அவரை நேரத்துக்கு எழுப்ப அம்மா விழித்திருந்து வானத்து நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் கணிப்பாராம். இந்தக் கதைகளைப் பலரும் ஏழ்மையை வென்ற கதை என்று எழுதிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு கோணம். வளரும் வயதில் உடம்புக்கு வேண்டிய சத்து கிடைக்காத ஒரு பெண், உலகத்திலேயே அதிகம் ஓட வேண்டியிருக்கும் விளையாட்டுகளில் ஒன்றில், ஐரோப்பிய, ஆஸ்திரேலிய வீராங்கனைகளுக்கு எதிராக நிற்க வேண்டியிருந்தது. பல்தேவ் சிங் இதைப் புரிந்துகொண்டவர். ஷூ, மட்டை வாங்கிக் கொடுத்தார். தன் குடும்பத்தோடு தங்கவைத்துச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் பயிற்சியில் நன்றாக ஆடியதற்காக ஒரு பத்து ரூபாய் நோட்டில் 'நீதான் நாட்டின் எதிர்காலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அதைப் பத்திரமாக வைத்திருக்க நினைத்தும், வீட்டு நிலைமையில் செலவழிக்க வேண்டியதாகிவிட்டது என்று ராணி சொல்லியிருக்கிறார். ஒரு போட்டியில் பரிசாகக் கிடைத்த 500 ரூபாயை அப்பா கையில் கொடுத்ததுதான் அவருடைய முதல் சம்பாத்தியம். ஒரு நாள் சொந்த வீடு கட்டித் தருகிறேன் என்று சொன்ன வாக்கை 2017இல் நிறைவேற்றினார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பதினான்காவது வயதில், 2008 ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இந்திய சீனியர் அணிக்கு ஆடிவிட்டார். நம் ஊரில் அந்த வயதுப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் ரஷ்யாவின் கசான் நகரில் சாம்பியன்ஸ் சேலஞ்ச் தொடர். இறுதிப் போட்டியில் நான்கு கோல். அதிக கோல் அடித்தவர், சிறந்த இளம் ஆட்டக்காரர் என்று இரண்டு விருதும் அவருக்கே. 2010இல் அர்ஜென்டினாவின் ரோசாரியோவில் உலகக் கோப்பை. அப்போது வயது 15. இந்திய அணி ஒன்பதாவது இடம்தான் பிடித்தது. ஆனால் ராணி மட்டும் ஏழு கோல் அடித்தார், சிறந்த இளம் வீராங்கனை விருதும் வாங்கினார்.

ரோசாரியோ என்பது லூசியானா அய்மாரின் சொந்த ஊர். மகளிர் ஹாக்கியின் மிகப் பெரிய பெயர் அவர். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு, கோப்பை அவருடைய நாட்டுக்கு. அதே மைதானத்தில் இளம் ஆட்டக்காரர் விருதை வாங்கிய பெண்ணுக்கு அடுத்து என்ன கிடைத்திருக்க வேண்டும்? நெதர்லாந்திலோ அர்ஜென்டினாவிலோ பிறந்திருந்தால், அடுத்த நான்கு வருடத்தில் ஓர் ஒலிம்பிக், ஓர் உலகக் கோப்பை, வருடம் முழுக்க உயர்தரப் போட்டிகள் என்று போயிருக்கும். ராணிக்குக் கிடைத்தது வெற்றிடம். 2012 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த தகுதிச்சுற்றின் இறுதியில் இந்தியா தென் ஆப்பிரிக்காவிடம் தோற்றது, லண்டன் ஒலிம்பிக் போச்சு. 2014இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோப்பைக்கும் இந்தியா தகுதி பெறவில்லை. ஒரு ஃபார்வர்டு ஆட்டக்காரர், அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவர், வேகமாக வளரும் வயது பதினாறிலிருந்து இருபது வரை. அந்த வருடங்களில் அவருக்குப் பெரிய மேடையே இல்லை. ராணியின் கோல் கணக்கை வெளிநாட்டு வீராங்கனைகளோடு ஒப்பிடும் ஆட்கள் இந்த ஓட்டையைக் கவனிப்பதில்லை.

அந்த இடைவெளியில் ஒரே வெளிச்சம் 2013 ஜூனியர் உலகக் கோப்பை. ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்கில் நடந்தது. கேப்டன் சுசீலா சானு. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரணி இங்கிலாந்து. ராணி ஒரு கோல் போட்டார், அவர்கள் சமன் செய்தார்கள், சமனான ஆட்டத்துக்கு முடிவு காணும் ஷூட்அவுட்டில் இந்தியா 3-2 என்று வென்றது. ஜூனியர் மகளிர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ராணி. அந்த அணியில் இருந்த வந்தனா கட்டாரியா, நவ்நீத், சுசீலா எல்லாரும் எட்டு வருடம் கழித்து டோக்கியோவில் ஆடினார்கள். என்னைப் பொறுத்தவரை, பிற்பாடு நாம் பார்த்த இந்திய அணி உருவானது அந்த ஜெர்மனி மைதானத்தில்தான்.

2015இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் நடந்த உலக லீக் அரையிறுதித் தொடரில் ஐந்தாவது இடம் பிடித்துவிட்டு, மற்ற கண்டங்களின் முடிவு தெரியும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக ரியோ டிக்கெட் கிடைத்தது. 1980 மாஸ்கோவுக்குப் பிறகு, அதாவது 36 வருடம் கழித்து, இந்திய மகளிர் அணிக்கு ஒலிம்பிக். போனோம், முதல் ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி ராணியும் லிலிமா மின்ஸும் ஆளுக்கு ஒன்று போட்டு 2-2 என்று சமன் செய்தோம். அதோடு சரி. பிரிட்டனிடம் 0-3, ஆஸ்திரேலியாவிடம் 1-6, அமெரிக்காவிடம் 0-3, அர்ஜென்டினாவிடம் 0-5. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

ரியோவுக்குப் பிறகுதான் ராணியின் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. வெறும் கோல் அடிக்கும் ஃபார்வர்டாக இருந்தவர் கேப்டன் ஆனார். ஆடும் இடமும் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, நடுக்களத்திலிருந்து ஆட்டத்தைக் கட்டும் வேலைக்கு வந்தார். ஹாக்கியில் கோல் அடிக்க வேண்டுமானால், நாம் 'டி' என்று சொல்லும் அந்த வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் செல்லும். வெளியிலிருந்து எவ்வளவு நன்றாக அடித்தாலும் கணக்கில்லை. அதனால் எதிரணி அந்த வட்டத்தை எறும்பு மொய்ப்பதுபோல் அடைத்துக்கொள்ளும். அந்த நெரிசலுக்குள் பந்தை எப்போது, எந்தக் கோணத்தில் உள்ளே தள்ளுவது என்று தெரிந்த ஆள் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். இளம் வயதில் உள்ளே நின்று பந்துக்காகக் காத்திருந்தவருக்குத்தானே உள்ளே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும்! வந்தனாவின் ஓட்டத்துக்கும் லால்ரெம்சியாமியின் வேகத்துக்கும் ஏற்றபடி அவர் பந்தைக் கொடுத்த விதம் அப்படிப்பட்டது.

2017 நவம்பரில் ஜப்பானின் ககாமிகஹாராவில் ஆசியக் கோப்பை. இறுதிப் போட்டியில் சீனாவோடு 1-1. ஷூட்அவுட். கால்பந்து பெனால்டிபோல நின்ற இடத்திலிருந்து அடிப்பது இல்லை இது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடி, எட்டு நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். நரம்பு தளர்ந்தால் முடிந்தது கதை. ஐந்து முயற்சிகளுக்குப் பிறகும் சமநிலை. ஒரு அணி போட்டு மற்றது தவறவிட்டால் அங்கேயே ஆட்டம் முடியும் சடன் டெத்தில், கோல்கீப்பர் சவிதா தடுத்தார், ராணி போட்டார். 5-4. பதின்மூன்று வருடம் கழித்து ஆசியக் கோப்பை, அதோடு உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதி.

2018 லண்டன் உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தோற்றால் வெளியே என்ற நிலையில், இடைவேளை முடிந்து வந்ததும் சமன் செய்யும் கோலை அடித்தவரும் அவர்தான். இத்தாலியை 3-0 என்று வீழ்த்திக் காலிறுதி வந்தோம். அங்கே அயர்லாந்திடம் ஷூட்அவுட்டில் 1-3 என்று தோல்வி. அன்றைக்கு ராணியின் முயற்சியும் கோலாகவில்லை. அடுத்த சில வாரத்தில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இறுதியில் ஜப்பானிடம் 1-2, வெள்ளி. தங்கம் வென்றிருந்தால் அங்கேயே டோக்கியோ ஒலிம்பிக் உறுதியாகியிருக்கும். நிறைவு விழாவில் தேசியக் கொடியை ஏந்திப் போனவர் ராணி. கௌரவம்தான், ஆனால் தகுதிச்சுற்று என்ற இன்னொரு மலை பாக்கி இருந்தது.

2019 ஜூனில் ஹிரோஷிமாவில் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு நடத்திய எஃப்ஐஹெச் சீரிஸ் ஃபைனல்ஸ் தொடரையும் சொல்லியாக வேண்டும். அரையிறுதிக்கு முன்னால் மிசோரம் பெண் லால்ரெம்சியாமியின் அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. பத்தொன்பது வயது. ஊருக்குப் போகாமல் அணியோடு இருந்து ஆடினார். இறுதியில் ஜப்பானை 3-1 என்று ஜெயித்தார்கள். ராணி மூன்றாவது நிமிடத்திலேயே முதல் கோலைப் போட்டுவிட்டார், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். வெற்றியை லால்ரெம்சியாமியின் தந்தைக்கு அர்ப்பணித்தார்கள். அந்த அணிக்குள் இருந்த நெருக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டிய சம்பவம் அது.

இப்போது புவனேஸ்வர். ஒலிம்பிக் தகுதிக்கு அமெரிக்காவோடு அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம், மொத்த கோல் கணக்கில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு டோக்கியோ. முதல் நாள் 5-1 என்று இந்தியா அடித்து நொறுக்கியது. எல்லாரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள், நானும்தான். மறுநாள் அமெரிக்கர்கள் முதல் கால்மணியிலேயே இரண்டு, இரண்டாவது கால்மணியில் இரண்டு. இடைவேளைக்கு 0-4. மொத்தக் கணக்கு 5-5.

அந்த நிலையில் ஓர் அணி நொறுங்கிப்போக எல்லாக் காரணமும் இருந்தது. சொந்த மண், நிறைந்த கேலரி, முந்தைய நாள் கொண்டாட்டம், ரியோவில் 0-3 என்று தோற்ற அதே எதிரணி. மூன்றாவது கால்மணியில் யாருக்கும் கோல் இல்லை. ஆனால் பந்து மெல்ல இந்தியா பக்கம் வரத் தொடங்கியது. கடைசிக் கால்மணியின் மூன்றாவது நிமிடம், வட்டத்துக்குள் ராணிக்குப் பந்து கிடைத்தது. யோசிக்க நேரம் எடுக்காமல் அடித்தார், வலைக்குள் போனது. 1-4, மொத்தக் கணக்கு 6-5. மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிடமும் தடுத்து நின்றார்கள். ஆட்டத்தில் 1-4 என்று தோற்றுவிட்டு மைதானத்தில் அழுது கட்டிப்பிடித்துக் கொண்டாடிய அணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கோலை வைத்து ஓர் ஆட்டக்காரரை எடைபோடக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வரிசையாகப் பாருங்கள்: 2013 வெண்கலப் போட்டி, ரியோ ஜப்பான் ஆட்டம், 2017 இறுதி, லண்டனில் அமெரிக்கா, ஹிரோஷிமா இறுதி, புவனேஸ்வர். கைநழுவினால் எல்லாம் போகும் என்ற இத்தனை ஆட்டத்திலும் கோல் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதிர்ஷ்டம் ஒரே ஆளை ஆறு முறை தேடி வராது.

அதன் பிறகு விருதுகள் குவிந்தன. 2016இலேயே அர்ஜுனா வாங்கியிருந்தார். 2020 ஜனவரியில் பத்மஸ்ரீ, அதே மாதம் 2019ஆம் ஆண்டின் உலக விளையாட்டு வீரர் விருது. உலகம் முழுவதும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அந்த விருதை வாங்கிய முதல் ஹாக்கி ஆட்டக்காரர் அவர். அந்த வருடமே ராஜீவ் காந்தி கேல் ரத்னா, மகளிர் ஹாக்கியில் முதல் ஆளாக. ஊரடங்கின்போது அணி பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்திலேயே அடைந்து கிடந்தது. சும்மா இருக்காமல் உடற்பயிற்சிச் சவால் ஒன்றை இணையத்தில் நடத்தி, புலம்பெயர் தொழிலாளர்களின் சாப்பாட்டுக்காக 20 லட்ச ரூபாய்க்கு மேல் திரட்டினார்கள். 2021 ஏப்ரலில் ராணி உட்பட ஏழு வீராங்கனைகளுக்குக் கொரோனா வந்தது. ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

டோக்கியோ கதை பலருக்கும் தெரியும் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். நெதர்லாந்திடம் 1-5 (அந்த ஒரு கோல் ராணியுடையது), ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. மூன்று தோல்வி. பிறகு அயர்லாந்தை 1-0, வந்தனாவின் ஹாட்ரிக்கோடு தென் ஆப்பிரிக்காவை 4-3. அன்று மாலை பிரிட்டன் அயர்லாந்தை வென்றதால் காலிறுதிக்குள் நுழைந்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி காலிறுதியில் ஆஸ்திரேலியா. 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் கவுரின் பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) கோல், பிறகு சவிதாவின் தடுப்புகள், 1-0. ரியோவில் 6-1 என்று நம்மை அடித்த அதே ஆஸ்திரேலியா! அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. வெண்கலப் போட்டியில் பிரிட்டனோடு 0-2 என்றிருந்ததை ஐந்து நிமிடத்தில் 3-2 ஆக்கி, கடைசியில் 3-4 என்று தோற்றார்கள். நான்காவது இடம்.

மாஸ்கோவிலும் இந்தியாவுக்கு நான்காவது இடம்தான் என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் 1980இல் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக்கில் ஆடியவை ஆறே அணிகள். டோக்கியோவில் எல்லா வல்லரசுகளும் இருந்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: டோக்கியோவின் பெரிய கோல்கள் குர்ஜித், வந்தனா பெயரில் இருக்கின்றன, ராணி பெயரில் இல்லை. பதினைந்து வயதில் அணியின் பாதிச் சுமையைத் தனியாகத் தூக்கிய பெண், இருபத்தாறு வயதில் தான் கோல் அடிக்காமலே ஆஸ்திரேலியாவை வெல்லும் அணிக்குக் கேப்டனாக இருந்தார். அவருடைய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான்.

அதற்குப் பின் நடந்தது மனதுக்குக் கஷ்டமானது. டோக்கியோவுக்குப் பிறகு தொடைத் தசைக் காயம். கேப்டன் பொறுப்பு சவிதாவுக்குப் போனது, பயிற்சியாளராக மரைனே போய் யானெக் ஸ்கோப்மன் வந்தார். 2022 ஆசியக் கோப்பை, உலகக் கோப்பை, காமன்வெல்த் எதிலும் ராணி இல்லை. 2022 தேசிய விளையாட்டில் ஹரியானாவுக்காகக் கோல் மழை பொழிந்தார், அணி தங்கம் வென்றது. 2023 ஜனவரியில் தென் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அழைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே கோல். அத்தோடு நின்றுபோனது. ஏன் எடுக்கவில்லை என்ற காரணம் தனக்குச் சொல்லப்படவில்லை என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். வயதும் காயமும் யாரையும் விடாது, புதியவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து வருடம் ஆடியவரை உட்காரவைத்துப் பேசி, இதுதான் நிலைமை என்று சொல்வதற்கு ஒரு மணி நேரம் போதும். மூத்தவர்களுக்கு அந்த மரியாதையைக் கொடுப்பது நம் விளையாட்டு அமைப்புகளுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபோது, இறுக்கமான ஆட்டத்தில் ஒரு கோல் அடிக்க ஆள் இல்லையே என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை.

2023இல் ரேபரேலியின் ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தில் உள்ள ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதே வருடம் சப்-ஜூனியர் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2024 அக்டோபர் 24ஆம் தேதி டெல்லி தியான் சந்த் ஸ்டேடியத்தில், இந்திய ஆண்கள் அணி ஜெர்மனியோடு ஆடிய நாளில், 254 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வை அறிவித்தார். நீங்கள் கேட்ட 28ஆம் எண் ஜெர்சி அறிவிப்பு வந்தது அன்றுதான். அதன் பிறகு மகளிர் ஹாக்கி இந்தியா லீகின் முதல் தொடரில் சூர்மா அணிக்கு வழிகாட்டியாக இருந்தார். பெண்களுக்கான அந்த லீக் முதன்முதலில் நடந்தது 2025 ஜனவரியில். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் அப்படியொரு லீகே கிடையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இணையத்தில் கிடைக்கும் இரண்டு நிமிடத் தொகுப்புகளை மட்டும் பார்த்தால் அவர் என்ன செய்தார் என்று பிடிபடாது. புவனேஸ்வரின் இரண்டாவது ஆட்டத்தை இடைவேளைக்குப் பிறகாவது முழுதாகப் பாருங்கள், கோலுக்கு முந்தைய மூன்றாவது கால்மணியைத் தள்ளிவிடாமல் பாருங்கள். 0-4 என்ற அதிர்ச்சியிலிருந்து அணி எப்படி எழுந்து வருகிறது என்பது அங்கேதான் தெரியும். 2017 ஆசியக் கோப்பை இறுதியின் ஷூட்அவுட்டைப் பாருங்கள், சவிதாவுக்காகவும் சேர்த்து. அப்புறம் டோக்கியோவின் ஆஸ்திரேலியா ஆட்டம். அதில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு 28ஆம் எண்ணை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். பந்து வேறு பக்கம் இருக்கும்போது அவர் எங்கே போய் நிற்கிறார், யாரை நகரச் சொல்லிக் கை காட்டுகிறார், ஆஸ்திரேலியர்கள் பந்தை எடுத்ததும் தடுப்பதற்காக முதலில் திரும்பி ஓடுவது யார் என்று பாருங்கள். ஹாக்கி உங்களுக்குப் புதிது என்றால் இந்த மூன்றில் ஆஸ்திரேலியா ஆட்டத்திலிருந்து தொடங்குவது சுலபம்.